அப்பாவின் ரிப்போர்ட்டில் எந்த எண்ணை நம்புவது?

பேரேடு:

நான் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவள். இந்த வம்புக்கே அதுதான் காரணம். எதைக் கண்டாலும் கட்டம் போட்டு எழுதிவிடுவேன்.

அப்பாவுக்கு 63 வயது. பன்னிரண்டு நாளைக்கு முன், விடியற்காலை 2.40க்கு நெஞ்சைப் பிசைகிற மாதிரி வலி என்று எழுந்து உட்கார்ந்தார். வாயுவாக இருக்கும் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாக்கினோம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது 4.50. ஈசிஜி எடுத்ததும் நேராக கேத் லேபுக்கு, அதாவது ஆஞ்சியோ செய்யும் அறைக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் எல்ஏடி குழாய் முழுசாக அடைத்திருந்தது. 5.55க்குத் திறந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே இருந்தவரை தினமும் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நான் எக்செல்லில் ஏற்றினேன். இதுதான் என் கட்டம்:

ட்ரோபோனின் டி (நானோகிராம்/லிட்டர்): போன உடனே 186, அன்று மதியம் 7,310, மூன்றாம் நாள் 2,480, நான்காம் நாள் 2,690.
என்டி-ப்ரோ-பிஎன்பி (இதயம் திணறினால் ஏறுமாம்): இரண்டாம் நாள் 2,870, டிஸ்சார்ஜ் அன்று 1,640, பத்தாம் நாள் 1,910.
சிஆர்பி (உடம்பின் அழற்சியைக் காட்டுவது): முதல் நாள் 3, மூன்றாம் நாள் 64, பத்தாம் நாள் 9.
கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கானது): 1.1, மூன்றாம் நாள் 1.5, பத்தாம் நாள் 1.2.
ஹீமோகுளோபின்: 13.4லிருந்து 11.8.
சேர்த்த அன்று சுகர் 212. ஆனால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகரின் சராசரி) 5.9தான். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது.
எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் அளவு 38 சதவீதம்.

பத்தாம் நாள் மட்டும் வேறொரு லேபில் எடுத்தோம். ட்ரோபோனின் 0.9 என்று வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தது ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டதே என்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். அதே தாளில் என்டி-ப்ரோ-பிஎன்பி ஏறியிருந்ததைப் பார்த்ததும் கொண்டாட்டம் அடங்கிவிட்டது.

என் பெரியம்மா மகன் ஒருவர், மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, “ட்ரோபோனின் ஏழாயிரம் தாண்டினால் ஆள் பழையபடி தேறுவது கஷ்டம்” என்று அப்பா காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பா தூங்குவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்று “இன்னிக்கு எவ்வளவு வந்திருக்கு?” என்று கேட்கிறார். பங்குச் சந்தை நிலவரம் கேட்கிற மாதிரி.

டாக்டர் “நல்லாத்தான் போகுது” என்கிறார். அதற்கு மேல் கேட்க அவருக்கு நேரமில்லை, எனக்குத் தைரியமில்லை. இந்த எண்களில் எது அவர் எப்படித் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்லும்? எது வெறும் இரைச்சல்? வைத்தியம் கேட்கவில்லை. இந்தக் கட்டத்தை எப்படி வாசிப்பது என்றுதான் கேட்கிறேன்.


இரவுப்பணி:

பதினான்கு வருஷமாக இதய ஐசியூவில் நர்ஸ். பெரும்பாலும் நைட் டியூட்டி. உங்கள் அப்பா மாதிரி “எவ்வளவு வந்திருக்கு சிஸ்டர்?” என்று கேட்காத ஆளை நான் பார்த்ததே இல்லை.

முதலில் அந்த ஏழாயிரத்தை எடுத்துக்கொள்வோம். ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். தசை செத்தால் அது ரத்தத்தில் கசியும். மொத்தத்தில் அதிகமாகக் கசிந்தால் அதிகச் சேதம் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. குழாய் அடைத்தே கிடந்தால் செத்த தசையிலிருந்து சரக்கு மெதுவாகத்தான் வெளியே வரும். குழாயைத் திறந்ததும் ரத்தம் பாய்ந்து தேங்கியிருந்ததையெல்லாம் ஒரேயடியாக அலசிக்கொண்டு வந்துவிடும். அதனால் சீக்கிரமே உச்சிக்குப் போய்விட்டு மளமளவென்று இறங்கும். உங்கள் அப்பாவுக்கு மதியமே உச்சி, மூன்றாம் நாள் மூன்றில் ஒரு பங்கு. குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம். அந்த 7,310ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் இது தெரியாது.

உங்கள் பெரியம்மா மகனுக்கு ஒரு தகவல். மாரடைப்பு வந்தவருக்கு ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட ‘கிரேஸ்’ என்று ஒரு மதிப்பெண் முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எட்டு விஷயம் கேட்பார்கள்: வயது, நாடித் துடிப்பு, மேல் பிரஷர், கிரியேட்டினின், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, வந்து சேரும்போது இதயம் நின்றிருந்ததா, ஈசிஜி மாற்றம், இதய என்சைம் ஏறியிருக்கிறதா. கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. அவ்வளவுதான். நூறா, ஏழாயிரமா என்று அது கேட்பதே இல்லை. ரத்தத்திலிருந்து எண்ணாகப் போய் உட்காருவது கிரியேட்டினின் ஒன்றுதான். இதயத்துக்கு வந்த கேட்டை எடைபோட சிறுநீரகத்தின் கணக்கைக் கேட்கிறார்கள் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. இதயம் தள்ளும் வேகம் குறைந்தால் முதலில் முகம் வாடுவது சிறுநீரகம்தான்.

அப்பாவின் 1.5க்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பழையபடி இறங்கிவிடும். 1.2க்கு வந்துவிட்டது அல்லவா, நான் முதலில் பார்த்த நல்ல செய்தி அதுதான். ஹீமோகுளோபின் குறைந்ததற்கு டிரிப், தினமும் எடுத்த ரத்தம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் என்று பல காரணம் இருக்கலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று மட்டும் ஒரு கண் வையுங்கள். போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான்காம் நாள் 2,480 போய் 2,690 ஆனபோது உங்களுக்கு உயிரே போயிருக்குமே? எங்கள் வார்டிலும் இதைப் பார்த்துவிட்டு இன்னொரு அட்டாக் என்று கதறியவர்கள் உண்டு. ட்ரோபோனின் டி-க்கு அந்தப் பழக்கம் உண்டு, மூன்றாம் நான்காம் நாளில் சின்னதாக ஒரு மேடு போடும். வலி இல்லை, ஈசிஜி மாறவில்லை என்றால் நாங்கள் அதைப் பார்த்து ஓட மாட்டோம். சந்தேகம் வந்தால் சில இடங்களில் சிகே-எம்பி என்ற இன்னொரு இதய என்சைமை எடுப்பார்கள். அது இரண்டு மூன்று நாளில் இயல்புக்கு வந்துவிடும், ஆகவே புதிதாக ஏறினால் பளிச்சென்று தெரியும்.

வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் பார்ப்பது வேறு. தலையணையைத் தாழ்த்திப் படுக்க முடிகிறதா, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது. இவை மூன்றும் சரியாக இருந்தால் பேப்பரில் எது இருந்தாலும் எனக்குப் பாதி கவலை போய்விடும்.


நலம்விரும்பி_77:

தினமும் ட்ரோபோனின் எடுத்துப் பாருங்கள், ஜீரோ வரும்வரை விடாதீர்கள். உடம்பில் வீக்கம் (அழற்சி) இருந்தால்தான் சிஆர்பி ஏறும். அதைக் குறைத்துவிட்டால் இதயம் தானாகச் சரியாகிவிடும். அத்துடன் பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை நல்ல டோஸில் கொடுங்கள், என் மாமாவுக்கு நல்ல தெம்பு வந்தது.


குப்பிமூடி:

மேலே சொன்ன நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் லேபில் உட்கார்ந்து இந்த மெஷின்களோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் அந்தப் பயோட்டின் பேச்சைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ட்ரோபோனின் பரிசோதனை முறைகளில் சிலவற்றில் பயோட்டினையே ஒட்டும் பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் நிறைய மிதந்தால் மெஷின் குழம்பி, ட்ரோபோனினை இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும். 2017ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அளவு எக்கச்சக்கமாக இருக்கும். உங்கள் அப்பா அப்படி எதையாவது சாப்பிட்டால் டாக்டரிடமும் ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

‘ஜீரோ வரும்வரை’ என்பதும் சரியல்ல. ட்ரோபோனின் டி இறங்கவே பத்துப் பதினான்கு நாள் ஆகும். இப்போதைய நுண்ணுணர் முறையில் ஆரோக்கியமானவருக்கும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். லிட்டருக்கு 14 நானோகிராம் என்பதை டி-க்கு மேல்வரம்பாக வைத்திருக்கிறார்கள். நூறு ஆரோக்கியமான ஆட்களில் 99 பேர் அதற்குள் அடங்குவார்கள் என்று அர்த்தம்.

இனி பேரேடு அம்மா, உங்களிடம். தணிக்கைக்காரர் அலகைப் பார்க்காமல் விடலாமா? பத்தாம் நாள் 0.9 என்றீர்களே, அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் ‘மில்லிலிட்டருக்கு நானோகிராம்’ என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் பழைய அலகில் அது 900. அதோடு அது டி-யா ஐ-யா என்றும் பாருங்கள். அவை இரண்டும் வேறு வேறு புரதம். ஐ-யிலேயே கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். இதையும் அதையும் ஒரே வரியில் எழுதிக் கழித்துப் பார்ப்பது, ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் கூட்டுவது மாதிரி.

என்டி-ப்ரோ-பிஎன்பி 1,640லிருந்து 1,910 ஆனதற்கு வருகிறேன். நான் இதற்குக் கவலைப்பட மாட்டேன். காரணம் இரண்டு. முதலாவது, லேப் மாறிவிட்டது. இரண்டாவது, இதயம் அதே நிலையில் இருந்தாலும் இந்த எண் தானாகவே கால்வாசிக்கு மேல்கூட ஏறி இறங்கும். உங்களுடையது 16 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. 2,870லிருந்து 1,640க்கு வந்ததுதான் நிஜமான இறக்கம், அது 40 சதவீதத்துக்கு மேல். இன்னொன்று, என்டி-ப்ரோ-பிஎன்பியை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. கிரியேட்டினின் ஏறியிருந்த நாட்களில் இதுவும் சேர்ந்து ஏறும். வயதானாலும் ஏறும், பருமனானவர்களுக்குக் குறைவாகக் காட்டும்.

சில லேபில் வெறும் பிஎன்பி எடுப்பார்கள், சிலவற்றில் என்டி-ப்ரோ. இரண்டுக்கும் எண்கள் எக்கச்சக்கமாக மாறும். இதயம் பலவீனம் என்று சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை கொடுத்தால் வெறும் பிஎன்பி ஏறிவிடும், ஏனென்றால் பிஎன்பியைச் சிதைக்கும் நொதியையே அந்த மருந்து தடுக்கிறது. என்டி-ப்ரோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஒரே லேப், ஒரே பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.


பேரேடு:

தாளை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. மில்லிலிட்டர்தான். ட்ரோபோனின் ஐ-தான். என் ஜூனியர் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்திருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்!

அந்த வரியை நீக்கிவிட்டேன். நர்ஸ் அக்கா, அப்பா ஒரே தலையணையில் படுத்துத் தூங்குகிறார், அதாவது தூங்கும்போது. மலம் கறுப்பாக இல்லை, கேட்டுவிட்டேன். “இதையும் எக்செல்லில் ஏத்துவியா?” என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. சிஆர்பி 64 வரை போனதே, அது கெட்ட சகுனமா? அப்புறம் யாரோ ஒரு கட்டுரை அனுப்பினார்கள், சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கையிலேயே நியூட்ரோபிலை லிம்போசைட்டால் (இரண்டும் வெள்ளை அணு வகைகள்) வகுத்தால் மாரடைப்புக்குப் பிறகு என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம் என்று. வகுத்துப் பார்த்தேன் (வகுக்காமல் இருப்பேனா). முதல் நாள் 9.1, பத்தாம் நாள் 2.6.


வெள்ளைத்தாள்:

பொது மருத்துவம் பார்ப்பவன், இதய நிபுணன் அல்ல. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

அந்த விகிதத்தைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஏன் தெரியுமா? எல்லா மருத்துவமனையிலும் எல்லா நோயாளிக்கும் எடுக்கிற பரிசோதனை அது. புதிதாக ஒரு காசு செலவில்லாமல் பழைய பதிவேட்டைப் புரட்டியே ஆய்வு எழுதிவிடலாம். அடிப்படை உண்மைதான். பெரிய அதிர்ச்சி வந்தால் கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும். அது நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும். செத்த தசையை அகற்ற வரும் முதல் படையும் நியூட்ரோபில்தான். ஆகவே விகிதம் உயர்ந்திருப்பவர்களில் பின்னால் சிக்கல் வருவது சராசரியாகக் கூடுதல். ஆனால் அது மாரடைப்புக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல. காய்ச்சல், ஸ்டீராய்டு, ஏன், ஒரு கடுமையான வலிகூட அதை ஏற்றும். சேர்த்த அன்று சுகர் 212 இருந்ததும் பெரும்பாலும் இதே அதிர்ச்சியின் கைவரிசைதான். ஹெச்பிஏ1சி 5.9 என்பதால் அதற்கு முந்தைய மூன்று மாதம் சுகர் பெரிதாக ஏறவில்லை என்று தெரிகிறது. ஆனால் 5.9 எல்லைக்கோட்டில் இருக்கிறது. பின்னால் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.

‘முன்கூட்டிச் சொல்லும்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஒரு ரத்த அடையாளம் நன்றாகக் கணிக்கிறது என்று ஆய்வில் எழுதியிருந்தால் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம் இதுதான்: பின்னால் சிக்கல் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுங்கள். யாருக்கு எண் அதிகம் என்று பாருங்கள். நூறு ஜோடியில் 75 ஜோடிக்குச் சரியாக வந்தால் ‘0.75’ என்று எழுதுவார்கள், பரவாயில்லை என்பார்கள். சும்மா காசைச் சுண்டினாலே 50 ஜோடிக்குச் சரியாக வரும். மிச்சமுள்ள 25 ஜோடியில் எண் அதிகமாக இருந்தவர் நடமாடிக்கொண்டிருக்கிறார், குறைவாக இருந்தவர் திரும்ப அட்மிட் ஆகியிருக்கிறார். உங்கள் அப்பா எந்த ஜோடியில் இருக்கிறார் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. காப்பீட்டுக் கம்பெனிக்கு அது போதும். அவர்களுக்குப் பத்தாயிரம் அப்பாக்கள். உங்களுக்கு ஒருவர்.

சரி, சிஆர்பி. ஈரலில் உருவாகும் புரதம் அது. 1930ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். இதயத்துக்கென்று பிறந்ததே அல்ல. மாரடைப்பில் செத்த தசையை உடம்பு சுத்தம் செய்யும்போது இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போகும். தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 64லிருந்து 9க்கு வந்துவிட்டது. 64 என்பது சேதத்தின் அளவையும் சுத்தம் செய்யும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் எண். அதிலிருந்து ‘சகுனம்’ பார்க்க முடியாது.

ஆனால் நலம்விரும்பி சொன்னதை முழுசாகத் தள்ளவும் முடியாது, அதற்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது. பழைய மாரடைப்புக்காரர்கள், அதிலும் சிஆர்பி 2க்கு மேல் நின்றுவிட்டவர்கள் 10,061 பேரை வைத்து கான்டோஸ் என்று ஒரு ஆய்வு, முடிவு 2017ல் வந்தது. கொலஸ்ட்ராலைத் தொடாமல் வீக்கத்தை மட்டும் அடக்கும் ஊசி. அடுத்த அட்டாக் வகையறா குறைந்தது. ஆனால் உயிரைக் குடிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின, மொத்த மரணத்தில் வித்தியாசம் இல்லை. பிறகு கோல்ச்சிசின் என்ற பழைய, மலிவான மாத்திரை. 2019ல் கோல்காட் ஆய்வு பலன் இருக்கிறது என்றது. 2024ல் அதைவிடப் பெரிய கிளியர் சினர்ஜி ஆய்வு பலன் தெரியவில்லை என்றது. இப்போது நிபுணர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்கிற மாத்திரை அல்ல அது.

உங்கள் கட்டத்தில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், நான் என்டி-ப்ரோ-பிஎன்பி, கிரியேட்டினின், ஹீமோகுளோபின் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றதை மூடி வைப்பேன். ட்ரோபோனின் நடந்து முடிந்த சேதத்தின் கணக்கு. பிஎன்பி அப்படியல்ல. இதய அறையின் சுவர் இன்று எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அது சொல்கிறது, மருந்துக்கு மாறவும் செய்யும். ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதே, எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால் எங்கே? தேறுவதைச் சொல்லாது, ஆனால் அடுத்த அட்டாக்கைத் தடுப்பதில் நம் கையில் இருக்கும் முக்கியமான எண் என்றே சொல்வேன். மாரடைப்பு வந்தால் ஒன்றிரண்டு நாளில் எல்டிஎல் பொய்யாக இறங்கும், ஆகவே சேர்த்த அன்று எடுத்ததைப் பாருங்கள். ஐரோப்பிய நெறிமுறையில் இலக்கு 55க்குக் கீழ்.

38 சதவீதத்தைக் கண்டு இப்போதே முடிவு கட்டாதீர்கள். ரத்தம் நின்று திரும்ப வந்த தசையில் ஒரு பகுதி செத்திருக்காது, திகைத்துப்போய் நிற்கும். 1982லேயே இதற்கு ‘ஸ்டன்னிங்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அது வேலைக்குத் திரும்பலாம். அதனால்தான் எக்கோவை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். ஷாக் கொடுக்கும் கருவி பொருத்த வேண்டுமா என்ற முடிவைக்கூட 40 நாளுக்கு முன் பொதுவாக எடுப்பதில்லை.


இரண்டாம்சுற்று:

டாக்டர் பேசி முடித்த பிறகு படுத்துக் கிடந்தவன் பேசலாமா? எனக்கு ஆறு வருஷம் ஆகிறது. உங்கள் அப்பாவுக்கு அடைத்த அதே குழாய். என் இதயம் இரண்டாம் நாள் 35 சதவீதம், பத்தாம் வாரம் 51. என்னோடு மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்த ஒருவருக்கு என்னைவிட நல்ல எண்கள், அவருக்கு 40லேயே நின்றுவிட்டது. அவர்தான் இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறார், அது வேறு விஷயம்.

பிஎன்பி எனக்கு ஒருமுறை நிஜமாகவே உதவியது. மூன்றாவது வாரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு பற்றாத மாதிரி ஒரு பெருமூச்சு வரும். இதயம் கைவிட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டி, மனைவியிடம் வங்கிக் கணக்கு விவரமெல்லாம் சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால் பிஎன்பி முன்பைவிட இறங்கியிருந்தது, நுரையீரலில் நீர் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த டிகாக்ரிலார் மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டாம், சிலருக்கு மூச்சு வாங்கும். டாக்டரே மாற்றிக் கொடுத்தார். நானாக நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம் என்று அப்புறம்தான் சொன்னார். அதைக் கேட்டு இரண்டு நாள் தூக்கம் போச்சு.

அப்பா தூங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் பதிவில் உறுத்திய எண் எதுவும் இல்லை, அந்த வரிதான் உறுத்தியது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அது வந்தவர்கள் தேறுவதும் மெதுவாகிறது. எனக்கு வந்தது. அதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. யாராவது கேட்டால்தான் தெரியும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எண்களைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

அவருக்குக் கட்டம் வேண்டுமென்றால் எடையை எழுதச் சொல்லுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், அதே மெஷின், அதே உடுப்பு. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், அப்போது போன் செய்யுங்கள் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆறு வருஷமாக எழுதுகிறேன். நான்காவது நோட்டு.


பேரேடு:

எல்டிஎல் 131. சேர்த்த அன்று எடுத்ததுதான். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, நான் புரட்டவே இல்லை. தணிக்கை லட்சணம்!

நேற்று டாக்டரிடம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே “தூக்கம் வரலை, படுத்தா பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டார். இத்தனை நாளில் அவர் ‘பயம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசினார். நேரமில்லை என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பயிற்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ட்ரோபோனின் இனி எடுக்கத் தேவையில்லை. என்டி-ப்ரோ-பிஎன்பி ஒரு மாதம் கழித்து, அதே ஆஸ்பத்திரி லேபில். எக்கோ எட்டாவது வாரம்.

பெரியம்மா மகனுக்கு அந்த எட்டுக் கேள்வியையும் அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். எக்செல்லைத் திறக்காமல் நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்தேன், நாளை காலை எடை பார்த்து நீங்களே எழுதுங்கள் என்று. இன்று காலை எழுதியிருக்கிறார்: 68.4. பக்கத்தில், நான் கேட்காமலேயே, ‘நாலரை மணி நேரம் தூங்கினேன்’ என்று இன்னொரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறார்.